தப்ரபானா அணி

அருமைராசா மொன்ட்ரியாலுக்கு வந்து ஒன்பது கோடை கழிந்தும் கரப்பந்துக் களத்துக்குள் ஒருமுறைகூட இறங்கவில்லை. புள்ளிப் பலகைதான் பிடித்தார். நகரின் வில்லரே பகுதியில் இலங்கைத் தமிழர் நடத்தும் சுற்றுப்போட்டியில் சொந்த ஊருக்கு ஓர் அணி. வெளியூர் ஆளைச் சேர்க்க முடியாது. மன்னார் சிலாவத்துறையிலிருந்து இந்த நகரத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

2004இல், தன்னைப்போல அணி இல்லாத நாலு பேரைத் தேடிப் பிடித்தார். ஆறாவதாக ஜெபராஜ் கிடைத்தார்: அருமைராசா துப்புரவு வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் படிக்க வரும் திருநெல்வேலிக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். இனி ஆறு பேருக்கும் பொதுவாய் ஓர் ஊர்தான் வேண்டும்.

அதுவும் நூலகத்திலேயே அகப்பட்டது. வரைபட அறையைத் துடைக்கும்போது, பழைய லத்தீன் வரைபடம் ஒன்றில் இந்தியாவுக்குப் பக்கத்தில் பலாப்பழம் போலப் பெருத்த ஒரு தீவு. தப்ரபானா. கீழே இருந்த பிரெஞ்சுக் குறிப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார்; மறுநாள் நூலகரையும் கேட்டுத் துளைக்காமல் விடவில்லை.

போட்டிப் பதிவு மேசையில் இருந்த தியாகலிங்கம் அணியின் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

"உது எங்கை கிடக்கிற ஊர், அருமை?"

"இலங்கைதான் அண்ணை. லத்தீன் பேர்."

"லத்தீனோ! பூசைக்கு வந்தனீரோ, பந்தடிக்க வந்தனீரோ? சரி, ஐஞ்சு பேர் இலங்கை. உந்த நெடுவல் இந்தியாவெல்லே? ஏலாது."

"அண்ணை, அந்தப் பேரே இவரின்ரை ஊர் ஆத்தாலை வந்ததெண்டு சிலர் எழுதியிருக்கினம். தாமிரபரணி கடல் தாண்டிப் பாளியிலை தம்பபண்ணியாச்சு; கிரேக்கர் வாயிலை தப்ரபேனே; பேந்துதான் லத்தீன். பாத்தால் இவர்தான் ஊர்க்காரன். நாங்கள் வந்தான் வரத்தான்."

"ஆமாண்ணே," என்றார் ஜெபராஜ். "எங்க வீட்டுலேருந்து ஆத்துக்கு நடந்தே போயிரலாம்."

வரிசையில் நின்ற உரும்பிராய் அணி விழுந்து விழுந்து சிரித்தது. தியாகலிங்கம் பேனாவைத் திறந்தார்.

"வேறை எங்கையும் போச்சுதோ உந்தப் பேர்?"

"சில வரைபடத்திலை சுமாத்திராவுக்கும் போட்டிருக்கிறாங்கள்."

"இந்தோனேசியாக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தீரோ, தெரியும்!" என்றபடி ஆறு பெயரையும் எழுதினார்.

சனிக்கிழமை முதல் ஆட்டத்திலேயே தப்ரபானா படுதோல்வி; போட்டியிலிருந்தே வெளியே. வேர்வை வழிய அருமைராசா பதிவு மேசைக்கு வந்தார்.

"அடுத்த ஆட்டம் எத்தினை மணிக்கு அண்ணை?"

"நீங்கள் தோத்துப்போனியள் காணும்!"

"அது தெரியும். அடுத்த வருசத்துக்கு இப்பவே பதியேலுமோ?"