குனிந்து நுழையும் வீடு

திருச்சியிலிருந்து ஒரு டிரங்க் கால். பூலாம்பாடி ரைஸ் மில்லுக்கு. இணைத்துக் கொடுத்தவள் நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசியவர் முதல் வாக்கியத்திலேயே சகுந்தலா அக்காவின் பெயரைச் சொன்னார். ஆபரேட்டர் ஒட்டுக் கேட்கக் கூடாது. அன்று கேட்டேன். இறந்துவிட்டார் என்றது அந்தக் குரல். மறுமுனையில், மில்லில் இருந்த அக்காவின் அண்ணன் ரிசீவரை வைக்கவே இல்லை. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கிட்டு, நீட்டிக்கவா என்று கேட்பது எங்கள் வேலை. கேட்கவில்லை. லைனை அப்படியே விட்டுவைத்தேன்.

பெரம்பலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கும், அவர் குரலை மட்டும் அறிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். துக்கத்தோடுதான் உட்கார்ந்தேன். பேனாவில் வருவதோ மண், கல், பனையோலை.

பூலாம்பாடிக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில், காட்டை ஒட்டிய கல்லுத்தரை ஒன்றை அவருடைய அம்மா அவர் பேரில் எழுதி வைத்திருந்தார். அங்கே தன் கையால் ஒரு குடில் கட்டப் போவதாக அக்கா ஒருநாள் சொன்னார். கரண்ட் கிடையாது. போன் கிடையாது. ஏன் என்று கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நாள் முழுக்க அடுத்தவங்க குரல். வாரத்துல ஒரு நாளாவது என் காது எனக்கு வேணும்டீ."

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. தனி ஆளாக ஒரு பெண் காட்டில் என்ன செய்யப் போகிறாள், நிலத்தைத் தன்னிடம் கொடுத்துவிடட்டும் என்று உறவுகளைக் கூட்டிப் பேசினார். அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ஐப்பசி மழைக்கு வூடு நின்னா நிலம் எனக்கு. விழுந்துச்சுன்னா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஐப்பசிக்கு எத்தனை மாதம் என்று நான் விரல்விட்டு எண்ணினேன்.

ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஆரம்பித்தோம். அக்கா, நான், லைன்மேன் காதர் பாய். விடுமுறை நாளில் முதல் பஸ். பிறகு நடை. கல் பொறுக்கினோம். செம்மண் குழைத்து மிதித்தோம். எம்.ஏ. படித்த என் கால்களுக்கு அதுவரை அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. விரலிடுக்கில் மண் பிதுங்கும். கூச்சம். சிரிப்பு. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தபடியே, டிரங்க் புக் செய்பவர்களின் குரல்களில் பேசிக் காட்டுவார். காதர் பாய் சிரித்துச் சிரித்துக் கல்லைக் கீழே போடுவார்.

மூலைக் கம்பங்கள் காதர் பாயின் பொறுப்பு. தைலமரக் கம்புகள். டெலிபோன் போஸ்ட் நடும் அதே முறையில் குழி தோண்டி, நட்டு, சுற்றிலும் மண்ணை இடித்துக் கிட்டித்தார். நூல் பிடித்தது போல நின்றன. "நான் நட்ட போஸ்ட்டு ஒண்ணுகூட இதுவரைக்கும் சாஞ்சதில்லக்கா" என்றார். நாங்களும் பெருமைப்பட்டோம். எங்கள் போஸ்ட்டெல்லாம் இரும்பு என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

புரட்டாசியில் சுவர் நெஞ்சளவு வந்தது. உத்தரம் கட்ட, பழக்கதோஷத்தில் காதர் பாய் மூலைக் கம்பத்தில் விறுவிறுவென்று ஏறினார். கம்பம் அவரைச் சுமந்தபடி, மரியாதையாக, மெல்லச் சாய்ந்தது. அவர் சுவர்மேல் கால் வைத்து இறங்கிக்கொண்டார். தோண்டிப் பார்த்தோம். மண்ணுக்குள் இருந்த பாகம் முழுவதும் கரையான். மற்ற மூன்றும் அப்படித்தான்.

அன்று பார்த்து அண்ணன் வந்திருந்தார். நெடிய மனிதர். வெள்ளை வேட்டி. பேனா கொண்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

காதர் பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புதுக் கம்பு வெட்டிக் காயவைக்க நாள் இல்லை. மலைப்பக்கம் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. அக்கா கம்பங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார். அரித்த அடிப்பாகத்தை அறுத்து எறிந்துவிட்டு, மண்ணில் புதைக்காமல் பலகைக்கல்லின்மேல் கம்பத்தை நிறுத்தி, சுவரை அணைத்துக் கட்டச் சொன்னார்.

"கூரை தாழ்ந்துடும்க்கா. வாசல்ல தலை இடிக்கும்."

"குனிஞ்சு வரட்டும், பாய்."

அதன் பிறகு ஓட்டம்தான். ஓலையை நான் ஏந்திக் கொடுக்க, அவர்கள் மேலே வேய்ந்தார்கள். கையெல்லாம் கீறல். கடைசி ஓலையைக் கட்டி முடித்த சாயங்காலம், முதல் தூறல் எங்கள் முதுகில் விழுந்தது. அக்கா உள்ளே போனார். இன்று இங்கேதான், நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள் என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. பூலாம்பாடி லைன் செத்தது. போர்டில் அந்த ஊருக்கான ஓட்டையில் பிளக்கைச் செருகிச் செருகிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மழை விட்டதும் காதர் பாயும் நானும் ஓடினோம். சேற்று வழியில் எங்களுக்கு முன்னால் ஒரு குடை போய்க்கொண்டிருந்தது. அண்ணன். வேலிக்காத்தான் புதர் திரும்பியதும் மூன்று பேரும் நின்றுவிட்டோம்.

ஓலைக்கு மேலே அடுப்புப் புகை.

அண்ணன் முதலில் போனார். வாசலில் நின்றார். குடையை மடக்கினார். பிறகு அந்த நெடிய உடம்பைப் பாதியாக மடித்துக் குனிந்து உள்ளே போனார். கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம். நான் காதர் பாயின் சட்டைக் கையைப் பிடித்திருந்தேன்.

அக்காவின் குரல்: "டீ குடிக்கிறியாண்ணே?"

தட்டும் சத்தம் நின்றது. அண்ணன்: "சீனி தூக்கலா போடு."

நிலத்தைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று என்னிடம் வந்து, இந்த வருசம் ஓலை மாத்தணும், எப்படி வேயணும்னு வந்து சொல்லும்மா என்றார். காதர் பாயும் வருகிறார். முதல் பஸ்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். என் வாடகை வீட்டு வாசல் நல்ல உயரம், தலை இடிக்காது. அப்படியும் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது, என் தலை தானாகக் குனிகிறது.