வெங்காயத் தோட்டத்தில் விழுந்த கல்

வானத்திலிருந்து எது விழுந்தாலும் அதை எவனோ போட்டிருப்பான் என்றே நாங்கள் நினைத்த யுத்த காலம் அது. கரவெட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் ஒரு பகல் பொத்தென்று ஏதோ விழுந்தது. சின்னக் குழி, அதற்குள் கறுத்த கல். வெடிக்கவில்லை, அதுதான் பயமே. அப்பா தூர நின்று மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியால் அதை வெளியே இழுத்தெடுத்தார். ஆனாலும் ஒன்று விழுந்த இடத்தில் இன்னொன்று புதைந்திருக்கும் என்று, வெங்காயம் பிடுங்க வந்த பெண்கள் வேலியோடு நின்றுவிட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு நின்றது. பெய்தால் அவ்வளவும் அழுகிவிடும்.

அப்பா லேசில் ஒருவரையும் நம்பமாட்டார். அந்தக் குணம் எனக்கும் உண்டு. கல்லைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு, அப்பாவின் சைக்கிளில் கட்டி, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம். நான் என் சைக்கிளில் நன்றாக இடைவெளி விட்டே பின்னால் போனேன்.

அங்கே கரண்ட் இல்லை. மெலிந்த விஞ்ஞானி ஒருவர் வாளியைக் கண்டதும் கதவடிக்குப் போய்விட்டார். அவர் எங்களை நம்பவில்லை, நாங்களும் அவரை நம்பவில்லை. பிறகு எட்டிப் பார்த்தவர் பதறிப்போனார்.

"ஏன் தண்ணிக்குள்ளை வைச்சனீங்கள்? இரும்பு கறள் பிடிக்கப்போகுது!"

"வெடியாமல் இருக்கத்தான் சேர்" என்றார் அப்பா.

அவர் கல்லைத் துடைத்தார். காந்தம் வைத்தார், ஒட்டியது. ஒரு மூலையை அரத்தால் தேய்த்து, யன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"இது விண்கல்லு ஐயா. வானத்திலை இருந்து வந்தது."

"ஆர் போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை."

அப்பா என்னைப் பார்த்தார். இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்பது அந்தப் பார்வை. கல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி அவர் அவசரப்படுத்தியது எனக்கும் பிடிக்கவில்லை.

"கல்லை நீங்களே வைச்சிருங்கோ. ஆனால் நீங்கள் வந்து, குழியடியிலை நிண்டு, முதல் பிடி வெங்காயம் பிடுங்கோணும்" என்றார் அப்பா.

மறுநாள் காலை விஞ்ஞானி வந்தார். பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அவர் குழியருகே குந்தி ஒரு பிடி பிடுங்கவும், குண்டு போடும் பொம்மர் விமானம் இரைந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் சிதறி ஓடினோம். அவர் நேரே அந்தக் குழிக்குள் முகத்தைப் புதைத்துக் குப்புற விழுந்தார். தூரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. இரைச்சல் அடங்கியபின் எழுந்தார். முகமெல்லாம் மண், கண் வானத்தைவிட்டு இறங்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது.

பெண்களில் மூத்தவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார்.

"உயிருக்கு இவ்வளவு பயந்த மனுசன் உந்தக் குழிக்குள்ளை முகத்தை வைச்சதெண்டால், அங்கை ஒண்டும் இல்லை. வாங்கோடி, பிடுங்குவம்."