ஜெபினின் சைக்கிளில் சிக்னல் இல்லை

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக் கையில் மட்டும்தான் கரி. மீட்டர் பார்க்கிறவனுக்கு மனசிலும் உண்டு. அடுத்தவனுடைய நல்ல சைக்கிளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர்களுக்கு இது புரியும். கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போது தரமாட்டேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

பாறசாலையில் அத்தானுக்குச் சைக்கிள் கடை. அதில் டைனமோ, லைட், வயர் எல்லாம் என் பொறுப்பு. என்னோடு படித்த ஜெபினுக்கு அவன் சித்தப்பா ஜெர்மனியிலிருந்து ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். நீந்தி, மிதித்து, ஓடி முடிக்கிற போட்டிக்கான சைக்கிள். ஹேண்டில்பாரில் ஒரு மீட்டர். அது காட்டுவது வேகத்தை இல்லை. கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்பதை, வாட் கணக்கில். பெடல் பக்கத்தில் ஒரு சென்சார், அங்கிருந்து மேலே ஒரு வயர்.

காரோடு என்கிற பக்கத்து ஊர் ஏற்றத்தில் ஜெபின் எப்போதும் என்னை முந்துவான். முந்துவது சைக்கிள்தான் என்பேன் நான். "காலாக்கும்" என்பான் அவன். இந்த வழக்கைத் தீர்க்க அந்த மீட்டரால் மட்டும்தான் முடியும். ஒரே ஒரு தடவை ஏறி மிதித்தால் போதும். கேட்டால், "சீட்டுக்க உயரம் மாறிரும் மக்கா" என்பான்.

மரச்சீனி

முதல் தடவை சிக்னல் நிஜமாகவே போனது. மீட்டரில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு. குனிந்து பார்த்தால் சென்சார் இருந்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி நின்றது. ஃபிரேமில் கயிறு உரசிய தடம், செம்மண். ஜெபினின் அப்பா கோயில் உபதேசியார். சந்தையில் வாங்கிய மரச்சீனிக் கிழங்கை மூட்டையாக அதில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

சென்சாரை நேராக்கிவிட்டு, "இதுல பாரம் கட்டப்பிடாது" என்றேன். அவர் பிரசங்கக் குரலில் கேட்டார் (அந்தக் குரலை இப்போதும் அச்சு அசலாகச் செய்து காட்டுவேன்): "ஏன் மக்கா, ஜெர்மனிக்காரன் மரச்சீனி தின்னமாட்டானா?"

எண்ணெய்

ஜெபின் பூவார் பொழியில், ஆறு கடலில் சேருகிற இடத்தில், நீந்திவிட்டு ஈரத்தோடு ஏறுவான். மறுபடி சிக்னல் போனதும், உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று வயரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே தேங்காய் எண்ணெய், எண்ணெயில் மணல். துருப்பிடிக்காமல் இருக்க அவன் அம்மா செய்த உபகாரம்.

பெட்ரோலில் கழுவி மாட்டி, பெடலைக் கையால் சுற்றினேன். பதினொன்று காட்டியது. என் கைக்குக் கிடைத்தது என் காலுக்குக் கிடைக்கவில்லையே என்று அன்று ராச்சோறு இறங்கவில்லை. அவன் அம்மாவுக்கு வேறு கவலை: "எனக்க தையல் மெஷின் கல்யாணம் கழிஞ்ச நாள் முதல் எண்ணெயிலதான் ஓடுது. இந்த மீட்டருக்கு மட்டும் என்ன கொழுப்பு?"

இன்ஜினீயர்

மூன்றாவது தடவை சிக்னலைக் கெடுத்தது நான். செயினுக்குக் கிரீஸ் போட வந்த சைக்கிளின் பிளக்குக்குள் மிட்டாய்க் காகிதத் துணுக்கு ஒன்றை வைத்தேன். "இது நமக்கு பிடி கிட்டாது. திருவனந்தபுரத்துல ஒரு இன்ஜினீயர் உண்டு. ஒனக்க வீட்டுக்கு போன் போடுவாரு" என்று சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு ஜெபினை அனுப்பிவைத்தேன்.

பக்கத்து எஸ்டிடி பூத்தில் நுழைந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் ஆரம்பித்தேன். "ஹலோ, ஜெபினல்லே? ஒரே ஆளு சவிட்டிச் சவிட்டி மீட்டரு சீலிச்சுப் போயி. வேறொராளு பத்து கிலோமீட்டர் சவிட்டணும்." அதாவது, ஒரே ஆள் மிதித்து மிதித்து மீட்டருக்குப் பழகிப்போய்விட்டதாம். ஜெபின் மூன்று தடவை 'சார்' போட்டான். "கடையில ஒரு பய உண்டு சார். அவன் சவிட்டுனா போதுமா?" என்று கேட்டான். "மதி, மதி" என்றேன். அவன் கேட்டது வேண்டுகோள் மாதிரி இருந்தது.

காகிதத்தை எடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிக் காரோடு ஊருக்குப் போனேன். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஐந்நூற்று எழுபத்து நான்குதான் ஜெபினின் உச்சம். அதை அவன் வாலிபர் சங்கம் முழுக்கச் சொல்லியிருந்தான். திரும்பி வந்து, ஆசை விடாமல், காகிதத்தைப் பழையபடி வைத்தேன். சைக்கிளை எடுக்க வந்த ஜெபினிடம் சொன்னேன்: "சிக்னல் வரவே இல்ல மக்கா. நாளைக்கும் ஒருக்கா ஓட்டணும்."

ஜெபின் தலையாட்டிக்கொண்டே மீட்டரின் பித்தான்களை அமுக்கினான். வந்ததிலேயே பெரிய எண்ணை அந்த மீட்டர் ஞாபகம் வைத்திருக்கும். அதை அழிக்கிற பித்தான் எது என்று எனக்குத் தெரியும். ஆனால் அழிக்க மனசு வரவில்லை. அவன் எண்ணைப் பார்த்தான். நனைந்து கிடந்த என் சட்டையைப் பார்த்தான். பிறகு நிதானமாகத் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"சிக்னல் வராத மீட்டருல இந்த அறுநூத்திப் பன்னெண்டு யாருக்க காலாக்கும், இன்ஜினீயர் சாரே?"

சிக்னலை மறைக்க ஒரு மிட்டாய்க் காகிதம் போதும். ஜெயித்ததை மறைக்க என்ன வேண்டுமோ, அது எங்கள் கடையில் இல்லை.