துரை வீட்டுக் கம்பளம்

கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த மறு வருடம் எனக்கு மூச்சிழுப்பு தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம் அது. என் கணவருக்கு டவுனில் புடவைக் கடை. வீட்டில் அவரும் நானும் மாமியும் மட்டுமே.

புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குப் புறப்பட்டபோது, அவருடைய கம்பளத்தை என் கணவர் ஏலத்தில் எடுத்து வந்து ஹாலில் விரித்தார். துரையின் நாய்கள் படுத்துப் புரண்ட கம்பளம். மழை பிடித்தால் பூஞ்சணம் நாறும். அந்தக் கம்பளத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, தோட்டத்தையே வாங்கிவிட்டவர் போல நெஞ்சை நிமிர்த்துவார். வெயிலில் போட்டால் நிறம் மங்கிவிடுமாம். தட்டினால் நூல் பிரிந்துவிடுமாம்.

நான் மூச்சுக்குத் திணறினால் மாமிக்கு அது யாரோ கண்வைத்த கண்ணூறு. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சாம்பிராணிப் புகையை என் முகத்துக்கு நேரே காட்டுவார். இருமி இருமி என் கண்ணில் நீர் வடியும்போது, "பாத்தியா மகன், கண்ணூறு கழியுது" என்பார். மகனும் நாடி பார்த்த பெரிய ஹக்கீம் போலத் தலையாட்டுவார்.

பெருநாளுக்கு அம்பிட்டியவிலிருந்த என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினேன். வெறும் சீமெந்துத் தரை, வெயிலில் காய்ந்த பாய். இழுப்பு எட்டியும் பார்க்கவில்லை. திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு விசிலடித்தது.

"இந்தக் கம்பளத்தாலதான் எனக்கு வருது. வெளிய போடுங்க."

"ஒனக்கென்ன பைத்தியமா? தொரமாருக்கு வராத இழுப்பு ஒனக்கு மட்டும் வருதாக்கும்!"

அந்த மூளையோடு வாதாடிப் பயனில்லை. மறுநாள் காலை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கம்பளத்தை முற்றத்துக்கு இழுத்தேன். கடைக்குப் புறப்பட்டவர் பதறி ஓடிவந்தார்.

"உடு! கிழிஞ்சிரும்!"

மறுமுனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உள்ளே கிடந்த அத்தனை தூசியும் அவர் முகத்தில் எழுந்தது. தும்மினார், தும்மினார், தொப்பி கழன்று விழும்வரை தும்மினார். கண்கள் வீங்கி, அன்று கடைக்கே போகவில்லை. மாலையில், என் முகத்தைப் பார்க்காமல், "அத மாட்டுக் கொட்டில்ல போடச் சொல்லு" என்றார்.

அதே சூட்டில் மாமியிடமும் சொன்னேன்: "சாம்பிராணிய ஒங்க அறையில போடுங்க மாமி, ஜன்னலத் தொறந்து வெச்சிக்கிட்டு." கோபத்தில் மாமி பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது இரட்டை நிம்மதி.

மழை நாட்களில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது. ஆனால் படுத்துத் தூங்க முடிந்தது. என் கணவரோ வருகிறவர்களிடம் வெறுந்தரையைக் காட்டி, "கம்பளம் நெஞ்சுக்குக் கூடாது, நான்தான் கண்டுபுடிச்சேன். தொரமாருக்கு இதெல்லாம் எங்க வெளங்குது!" என்பார்.