அக்கா நடத்திய மாடியேற்றம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அக்கா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கப் பெற்றவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அக்கா போய் ஓர் ஆண்டு நிறைகிறது. கூடப் பிறந்தவன், கொள்ளி வைத்தவன் என்ற உரிமையில் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டு எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. மூக்கைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல் என்பார். ஆகவே விஷயத்தைச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் எங்கள் தெருவின் மேல் கோடி வீட்டில். எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குக் கோவில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அப்பா காலமானபோது அக்கா கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா பரீட்சை எழுதி அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். என்னைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தார். தமக்கு வந்த வரன்களை மட்டும் ஏதாவது குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவர் ரொம்ப மெதுவாகப் பேசினாராம். இன்னொருவர் குடையை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாராம். இந்த ஊரில் குடையை மறக்கிறவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அம்மாவிடமே கேட்டார். உண்மைக் காரணம் அம்மாவும் நானும்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எனக்குக் கல்யாணமான கையோடு, பழைய வீட்டின்மேல் அக்கா ஒரு மாடி கட்டினார். பெரிய கூடம், சமையலறை, குளியலறை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இத்தனை பெரிய கூடம் எதற்கு என்று தெருவே கேட்டது. காற்று வாங்க என்று சொல்லிவிட்டார். அந்த மாடியில் அக்கா காற்று வாங்கி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தெரு மேல் கோடியில் மேடு, கீழ்க் கோடியில் ஆறு. மழைக்கு முன் நகரம் தன் வேலையைச் செய்யும். ஓடைகளில் மண் அள்ளுவார்கள். பாலத்தடியில் சிக்கிக் கிடக்கும் மரக்கிளைகளை இழுத்துப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வெள்ள முகாமுக்கு இடம் ஒழித்து வைப்பார்கள். ஆற்றின் மேல்பக்கத்து அருவிக்கரை அணையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் ஜீப்பில் மைக் கட்டி, கரையில் இருப்பவர்கள் மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஓடை வேலை தள்ளிப்போனால் அக்கா கவுன்சிலர் வீட்டு வாசலில் குடையோடு போய் நிற்பார். "நாளெத்தன்னெ ஆளெ விடாம் சேச்சி" என்று, நாளைக்கே ஆள் அனுப்புவதாக, அவர் மலையாளத்தில் சொல்கிறவரை அசையமாட்டார். மறுநாள் ஆள் வரும். வந்தவர்களுக்கு அக்கா மோர் கொடுப்பார், கூடவே ஆலோசனையும் கொடுப்பார்.

குறை எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. ஜீப் சொல்வதைக் கீழ்க் கோடிக்காரர்கள் ஜன்னலில் நின்று கேட்பார்கள். கேட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடிப்பார்கள். முதல் படி முழுகட்டும், பார்க்கலாம் என்பார்கள். அது முழுகியதும் அடுத்த படி. இந்தக் கூட்டத்துக்குத் தலைவி கோமதி மாமி. ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டில் தனியாக இருப்பவர், மகன் வெளிநாட்டில். மாமா போன பிறகு மாமி பிறத்தியார் வீட்டில் ஒரு வேளை கை நனைத்ததில்லை.

ஒரு துலாமாத மழையில், அதாவது ஐப்பசியில், ஆறு மாமியின் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தீயணைப்புப் படைப் பையன்கள் மாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். பொன்னான பையன்கள், பூவைப் போல இறக்கிவைத்தார்கள். ஆனால் தெருவே கூடி நின்று பார்த்தது. யாரோ மொபைலில் படமும் எடுத்தார்கள். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முகாமில் கொடுத்த பொட்டலத்தைத் தொடவில்லை. வீடு காய்ந்து திரும்பிய அன்று அக்காவிடம் சொன்னார்: "இனிமே என்னை ஆரும் தூக்க வேண்டாம். வெள்ளம் வந்தா வரட்டும். நான் என் ஆத்திலயே இருந்துக்கறேன்."

மாமி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அது அக்காவுக்கும் தெரியும். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளத்தில் மாமியை உயிரோடு மேலே ஏற்ற வேண்டும். அதுவும் அவர் காலால் அவரே ஏறி வரவேண்டும். அன்றிலிருந்து அக்காவுக்கு இதே நினைப்பு. "அகதியா வான்னா ஆருடா வருவா? மானம்னு ஒண்ணு உண்டே" என்று என்னிடம் சொன்னார்.

அப்படிப் பிறந்ததுதான் மாடியேற்றம். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, கீழ்க் கோடி வீடுகள் எல்லாம் எங்கள் மாடிக்குச் சாப்பிட வரவேண்டும். வரும்போது கேஸ் சிலிண்டர், அரிசி டின், சுவாமி படங்கள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரவேண்டும். சாயங்காலம் திரும்பவும் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். விருந்துக்குச் சிலிண்டரோடு கூப்பிடுகிற வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். கோவில் கொடியேற்றத்தை நினைத்துக்கொண்டு யாரோ கேலியாக மாடியேற்றம் என்றார்கள்; பெயர் ஒட்டிக்கொண்டது. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டலாமே என்று என் மனைவி யோசனை சொன்னாள். காலமெல்லாம் ஃபைலோடு மாரடித்த அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணிக்கு வாசிக்கத் தெரியாதுடீ. கையும் காலும் பழகணும்" என்றார்.

முதல் மாடியேற்றத்துக்குத் தெருவே வந்தது. மாமி வரவில்லை. அகதியாக வராதவர் விருந்தாளியாகவும் வரமாட்டாராம். முகாமானாலும் விருந்தானாலும், பிறத்தியார் இலையில் உட்காருவது மாமிக்கு ஒன்றுதான். பாயசம் வைத்த கையோடு அக்கா மாடி வராந்தாவில் நின்று கீழ்க் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் அக்கா வேறு வழியில் போனார். மாமி வீட்டுக்குப் போய், நின்றபடியே சொன்னார். "மாமி, இந்தத் தடவை அரிசி உப்புமா. எனக்குப் பண்ண வராது. உங்க வெங்கலப் பானை மேல வரலைன்னா தெருவே பட்டினி, கேட்டேளா."

அக்காவுக்கா அரிசி உப்புமா வராது! பச்சைப் பொய். மாமி பானையை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், உங்கள் மாடியில் அடுப்பு எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று கேட்டார். கிழக்கு என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்கலப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாமி படியேறி வந்தார். வந்ததும் என்னைச் சமையலறையை விட்டு விரட்டினார். அன்றிலிருந்து மாடியேற்றத்தன்று அந்தப் பானை வருகிறவரை யாரும் அடுப்பைத் தொடக்கூடாது என்பது சட்டமாகிவிட்டது.

சில வருஷம் ஆறு சாதுவாக இருந்தது. பிறகு ஒரு துலாமாதத்தில் இரவும் பகலும் கொட்டித் தீர்த்தது. ஜீப்பின் மைக் சத்தம் பாலத்தருகில் கேட்டது. எங்கள் தெருவுக்குள் அது இன்னும் திரும்பவில்லை. அதற்குள் எங்கள் மாடிப்படியில் வெண்கலம் சுவரில் இடிக்கிற சத்தம். மாமி சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சு வாங்க வந்து நின்றார். "இன்னும் அடுப்பைப் பத்த வைக்கலையா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா திரும்பி நின்றுகொண்டார். அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். பிறகு கேட்டதற்கு வெங்காயம் நறுக்கினேன் என்றார். மாமியின் அரிசி உப்புமாவில் வெங்காயமே கிடையாது.

மாமிக்குப் பின்னால் கீழ்க் கோடி முழுவதும் ஏறி வந்தது. சிலிண்டர் வந்தது, அரிசி வந்தது, சுவாமி வந்தார், தேங்காய்த் துருவிகூட வந்தது. ஒத்திகையில் பழகியதெல்லாம் ஒன்று விடாமல் வந்தது. மாற்றுத்துணி மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை. வெயில் நாளில் நல்ல துணி உடுத்திக்கொண்டு விருந்துக்கு வந்தே பழக்கப்பட்டவர்களுக்கு, நனைந்துபோவோம் என்பது தோன்றவே இல்லை! எல்லாரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா பீரோவைத் திறந்தார். ஆபீசுக்குக் கட்டிப்போன பருத்திப் புடவைகள் அத்தனையும் வெளியே வந்தன. பெண்கள் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் அதையே மடித்து வேட்டியாகச் சுற்றிக்கொண்டார்கள். பாங்கு மானேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சாதாரணமாகச் சிரிக்கவே மாட்டார், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவையைச் சுற்றிக்கொண்டு பரிமாறினார். நிலவரம் பார்க்க மழையில் வந்த கவுன்சிலர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இதெந்தா சேச்சி, உத்சவமோ?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு தட்டு உப்புமா கிடைத்தது.

அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொருவரும் மாற்றுத்துணி மூட்டையும் கொண்டுவர வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டார். மூட்டை கொண்டுவராதவர்களுக்குப் பாயசம் கிடையாது. பாங்கு மானேஜர் ஒரு தடவை பாயசம் இல்லாமல் இறங்கிப் போனார்.

கடைசி இரண்டு வருஷம் அக்காவின் இருதயம் சொன்னபடி கேட்கவில்லை. அக்கா சொன்னபடி கேட்காதது அது ஒன்றுதான். படுக்கையில் இருந்தபடியே ஓடையில் மண் அள்ளியாயிற்றா என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண்ணிடம் அவள் வீடு மேடா பள்ளமா என்று விசாரித்தார். பள்ளம் என்றதும் அவளுக்கும் மாடியேற்றத்துக்கு அழைப்பு போயிற்று. மாசியில், இங்கே சொல்கிற கும்ப மாதத்தில், ஒரு விடியலில், என் மனைவி வாயில் விட்ட தண்ணீரை விழுங்கிவிட்டு, தூங்குகிறவர் போலப் போய்விட்டார். முந்தின நாள் என்னிடம் தெளிவாகப் பேசியது ஒன்றே ஒன்று. "மாமியை விட்டுடாதே."

பதிமூன்றாம் நாள் கழிந்ததும் கீழ்க் கோடி வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து அக்காவின் புடவை ஒன்று ஞாபகத்துக்கு வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். பீரோ காலியாயிற்று.

இடவம் வந்தது. காரியம் செய்தவன் நான். வருஷம் முடிகிறவரை எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. இந்த வருஷம் மாடியேற்றம் இல்லை என்று தெருவில் சொல்லி அனுப்பினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முறை அப்படித்தானே என்றார்கள். ஆனால் எனக்கு மனசு சரியில்லை. ஒரு வருஷம் விட்டால் கால் மறந்துவிடும், மாமி மறுபடி தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார் என்று அடித்துக்கொண்டது. அக்கா சொன்ன ஒரே வார்த்தையைக் காப்பாற்றவில்லையே என்றும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் கேட் திறந்தது. மாமி நின்றார், இடுப்பில் வெண்கலப் பானை.

"மாமி, எங்காத்தில இந்த வருஷம் பண்டிகை கிடையாதே" என்றேன்.

"பண்டிகைன்னு ஆருடா சொன்னா? ஏறி வர்ற தண்ணி தீட்டுப் பாக்குமோ? வழியை விடு."

வழியை விட்டேன். மாமிக்குப் பின்னால் தெருவில் சிலிண்டர்கள் உருண்டுகொண்டிருந்தன. அக்காவுக்காகப் பாயசம் மட்டும் வைக்கவில்லை.

இனி நன்றி. அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், அக்காவின் அதட்டலைச் சிரித்துக்கொண்டே பொறுத்த நர்ஸ் பெண்களுக்கும் நன்றி. காரியங்களை நடத்திக்கொடுத்த வாத்தியாருக்கும், கூட நின்ற உறவினர்களுக்கும், தோள் கொடுத்த கவுன்சிலருக்கும் நன்றி. ஓடையில் இறங்கி மண் அள்ளுகிறவர்களுக்கும், அன்று மாமியைச் சுமந்த பையன்களுக்கும் நன்றி. அக்கா இருந்தால் அவர்களைத்தான் முதலில் சொல்லியிருப்பார். அக்காவுக்கு மகளாகவே இருந்த என் மனைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு நன்றி பாக்கி. அது கீழ்க் கோடிக்கு. போன துலாமாதம் ஆறு மறுபடி வந்தது. ஜீப் வருமுன்பே மாமி வந்து அடுப்பில் உலை வைத்தாகிவிட்டது. நான் மாடிப்படியின் உச்சியில், அக்கா நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். எல்லார் தலையிலும் மாற்றுத்துணி மூட்டை. எல்லா மூட்டையும் அக்காவின் புடவையில் கட்டியது. பச்சைக் கட்டம் வந்தது, வாடாமல்லி வந்தது, பாங்கு மானேஜர் தலையில் மாம்பழ மஞ்சள் வந்தது. அக்காவின் பீரோ முழுவதும் அந்த மழையில் படியேறி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் கண் மறைத்தது. வெங்காயம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார். "அங்க நின்னு என்ன பாக்கறே? எல்லாரும் வந்தாச்சான்னு எண்ணு."

எண்ணினேன். எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள், அக்கா.