குளிர்காற்றை ஊதும் பெட்டி

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பனி கொட்டுகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் செல்வம் அண்ணை, வீட்டைச் சூடாக்கப் புதிய இயந்திரம் தேடுகிறார். பக்கத்துத் தெரு ஜெர்மன்காரர் வீட்டில் ஹீட் பம்ப் இருக்கிறதென்று மனைவி மலர் அக்காவையும் என்னையும் அழைத்து வந்திருக்கிறார். வெளியே நிற்கும் பெட்டியின் விசிறிக்கு முன்னால் கையை நீட்டுகிறார்.

"தம்பி, இது குளிர்காத்தையெல்லோ ஊதுது!"

"வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்து உள்ளே அனுப்புது அண்ணே. ஃப்ரிட்ஜைத் திருப்பி வெச்ச மாதிரி."

"ஃப்ரிட்ஜாலை ஆரும் வீட்டைச் சூடாக்குவினமோ?"

பெட்டியை மூன்று முறை சுற்றுகிறார். எனக்குக் காது மரத்துவிட்டது. அக்காவைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு, ஜெர்மன்காரர் கொடுத்த காபியோடு சோபாவில் சாய்ந்திருக்கிறார்.

"வாரும், வீட்டை போவம்" என்கிறார் என் பின்னாலேயே வந்த அண்ணை.

"நான் வரேல்லை. இதை வாங்கி எங்கடை வீட்டிலை பொருத்திப்போட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."