கல்யாணத்துக்கு வரவில்லை

எங்கள் மருத்துவமனையில் ஊசி போடும் அறைக்குப் பொறுப்பு சுபத்ரா சிஸ்டர். வலி தெரியாமல் போடுவார் என்று ஆரணியில் பேர். அவர் விடுப்பில் இருக்கிறார் என்று தெரிந்தால், நாளைக்கு வந்து போட்டுக்கொள்கிறேன் என்று திரும்பிப் போகிறவர்களை மருந்துக் கவுன்டரில் உட்கார்ந்தபடி நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரை ஊரே கைப்பேசியில் பார்த்துச் சிரித்தது. நடந்து ஓராண்டு ஆகிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த எனக்கே இன்னும் ஆறவில்லை. அவருக்கு எப்படி ஆறும்?

சுபத்ராவின் ஊர் கலசப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து விடுதியில் சேர்ந்தபோது, அறைத்தோழியாக வாய்த்தவள் மேகாலயாக்காரி. நம் வீடுகளில் சினிமாப் பாட்டு ஓடுவதுபோல் அவர்கள் வீடுகளில் பழைய ராக் பாட்டு ஓடுமாம். துணி துவைக்கும்போதும் பாட்டு, பரீட்சைக்குப் படிக்கும்போதும் பாட்டு. முதல் மாதம் முழுக்க சுபத்ராவுக்கு அது வெறும் தலைவலி. பிறகு ஒரு சாயங்காலம், ஒரு பாடத்தில் தோற்றுப்போய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, வார்த்தையே இல்லாமல் ஒரு கிடார் மட்டும் தனியாக நீண்டுகொண்டே போனது. அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாராம்.

“நான் கத்த முடியாதத யாரோ எனக்காகக் கத்தறாப்ல இருந்துச்சி” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அன்று பிடித்தது விடவில்லை. அந்தப் பாட்டுகளைப் போட்ட வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் செத்துப் போய்விட்டார்கள். மீதிப் பேர் கிழவர்கள். நம் பக்கம் வரப்போவதில்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் அந்தப் பாட்டுகளை அப்படியே வாசித்துக் காட்டும் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து நீள முடிக்கு விக், தொளதொளவென்ற சட்டை, கறுப்புக் கண்ணாடி என்று வேஷம் கட்டிக்கொண்டு, அசல் குழுவுக்கு மரியாதை செலுத்தும் கச்சேரி என்று விளம்பரம் செய்து வாசிப்பார்கள். சுபத்ரா டியூட்டியை மாற்றிக்கொண்டு, பஸ்ஸிலோ காட்பாடி போய் ரயிலிலோ போய்க் கேட்டுவிட்டு வருவார். தனியாகத்தான் போவார். கணவர் சக்கரவர்த்தி களம்பூரில் ஒரு அரிசி மில்லில் மேற்பார்வையாளர். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் இருக்கிறவனை ஞாயிற்றுக்கிழமையும் சத்தத்துக்குக் கூப்பிடாதே என்பார். ஆனால் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை.

கச்சேரிக்கு சுபத்ரா பட்டு கட்டிக்கொண்டு போவார். அவருடைய அம்மா தன் கல்யாணத்துக்குக்கூடப் பட்டு கட்டியதில்லை. முதல் சம்பளம் வாங்கியதும் சுபத்ரா ஆரணிக் கடைத்தெருவில் இரண்டு புடவைகள் எடுத்தார். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தனக்கு. நல்ல இடத்துக்குப் போகிறோம் என்றால் நல்ல புடவை கட்டுவது என்பது அவருக்கு அன்றிலிருந்து பழக்கம். கச்சேரியைவிட நல்ல இடம் அவருக்கு வேறு இல்லை.

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் அப்படி ஒரு கச்சேரி. அரக்கு நிறப் பட்டும் தலையில் மல்லிகையுமாகப் போயிருக்கிறார். வாசலில் நின்ற காவலாளி கும்பிட்டு, கல்யாண ரிசப்ஷன் முதல் மாடியில் என்று வழி காட்டினார். நான் கீழே நடக்கிற கச்சேரிக்கு வந்திருக்கிறேன் என்றார் இவர். காவலாளி சிரித்துக்கொண்டே மறுபடி லிஃப்டைக் காட்டினார். கைப்பேசியில் டிக்கெட்டைத் திறந்து நீட்டிய பிறகும், இது யாருடைய டிக்கெட் என்று கேட்டு, உள்ளே போய் ஒருவரை அழைத்து வந்து சரிபார்த்துத்தான் விட்டார்கள். அவருக்கு முன்னால் கிழிந்த ஜீன்ஸில் போன ஒருவரிடமும் டிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே போனதும் அதை மறந்துவிட்டார். குழு நன்றாக வாசித்தது. விடுதியில் அவரை எழுந்து உட்காரவைத்த அந்தப் பாட்டையும் வாசித்தார்கள். கிடார் தனியாகப் போகும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கையால் காற்றில் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். சுற்றி நின்ற எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் நின்ற யாரோ இவரை மட்டும் படம் பிடித்துவிட்டார்கள்.

இரண்டு நாளில் அது எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. “கல்யாணத்துக்கு வந்த ஆன்ட்டி ஹால் மாறி வந்துட்டாங்க” என்று மேலே எழுதியிருந்தது. மல்லிகை ஆட ஆட சுபத்ரா தலையாட்டுகிறார். கீழே சிரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர். பாயசம் எங்கே என்று ஒருவர். மொய் எழுதிவிட்டாரா என்று ஒருவர். இதைவிடக் கொடுமை, அந்தக் குழுவே அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, எங்கள் பாட்டு யாரையும் விடாது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது.

வார்டில் கைக்குக் கை போன் மாறியது. ஊசிக்கு வந்த ஒரு பையன், சிஸ்டர் இன்னொரு தடவை ஆடுங்களேன் என்றான். சுபத்ரா அவனுக்கும் வலிக்காமல்தான் ஊசி போட்டார். போளூரிலிருந்து நாத்தனார் புஷ்பலதா போன் செய்து, அது யார் வீட்டுக் கல்யாணம், எங்களுக்கு ஏன் பத்திரிகை வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். கல்யாணமே இல்லை என்று விளக்கிச் சொன்னால், அப்படியென்றால் பட்டு கட்டிக்கொண்டு அங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வி.

சிரித்ததுகூடப் பெரிதில்லை, பொய் சொன்னதுதான் பொறுக்கவில்லை என்றார் சுபத்ரா. வழி தவறி வந்தவர் என்று ஒரே வரியில் எழுதி, வேலூர் விடுதி நாளிலிருந்து அவர் கேட்ட பாட்டையெல்லாம் இல்லாமல் செய்துவிட்டார்கள். ஒரு நர்ஸ், ஆரணிக்காரி, நாற்பதை நெருங்குகிறவள் இந்தப் பாட்டை விரும்பிக் கேட்பாள் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டாததை வேடிக்கையாக்கி விற்றுவிட்டார்கள்.

குழுவின் பக்கத்துக்கு அவர் எழுதினார்: நான் கல்யாணத்துக்கு வரவில்லை, டிக்கெட் வாங்கி உங்கள் பாட்டைக் கேட்க வந்தேன், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பதிலாக வந்தது நாலைந்து இதயப் படங்களும், அடுத்த கச்சேரிக்கு இரண்டு இலவசப் பாஸும். அதே புடவையில் வரவேண்டும் என்று ஒரு வேண்டுகோள் வேறு.

விட்டுவிடு, இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று சக்கரவர்த்தி சொல்லிப் பார்த்தார். சுபத்ரா கேட்கவில்லை. அந்தப் பாஸைத் தொடாமல் சொந்தமாக டிக்கெட் போட்டார், இந்தத் தடவை இரண்டு. மனைவி போகிற கோபத்தைப் பார்த்துவிட்டு சக்கரவர்த்தியும் கூடவே கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கச்சேரி நடக்கவிருந்த சென்னை அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். மேடையில் ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடகரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியதும், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெளியே வந்தார். பெயர் தென்னரசு. பகலில் கம்ப்யூட்டர் வேலை, மேடையில் வெள்ளைக்காரர். விக் கையில் இருந்தது. சுபத்ராவை அடையாளம் தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, ஆன்ட்டி, நீங்கள் எங்களுக்கு எவ்வளவு ரசிகர்களைக் கொண்டுவந்துவிட்டீர்கள் தெரியுமா, எல்லோருக்கும் உங்களைப் பிடித்துப்போய்விட்டது என்று ஆரம்பித்தார்.

சுபத்ரா அவரை முடிக்க விட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“தம்பி, நீங்க விக்கு மாட்டிகினு, வெள்ளக்காரன் சட்டையப் போட்டுகினு மேடையில நிக்கிறீங்க. நான் உங்களப் பாத்து சிரிச்சனா? பாட்டு மேல இருக்கற ஆசையிலதான நிக்கிறாங்கன்னு நெனச்சேன். நீங்க ஏன் என்ன அப்படி நெனைக்கல?”

தென்னரசுவின் சிரிப்பு போய்விட்டது. விக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “நீங்க எந்த ஊருங்க?” என்று கேட்டார்.

“ஆரணி.”

“நான் போளூர் பக்கம்தாங்க. எங்கம்மாவும் இப்படித்தான் பேசுவாங்க.”

“அப்ப உனக்குத் தெரியும்” என்றார் சுபத்ரா. மரியாதை தானாகவே ஒரு படி இறங்கிவிட்டது. “எங்கூருல கல்யாணத்துக்கு மட்டுமா பட்டு கட்றாங்க?”

தப்புதான், இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று தென்னரசு ஒப்புக்கொண்டார். சக்கரவர்த்திக்குக்கூட ஆறுதலாகிவிட்டது. பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் ஒருவர் மைக்கோடு வந்தார். கல்யாண ஆன்ட்டி இன்று நம்மோடு இருக்கிறார், எங்கே அவர் என்று கேட்டார். விளக்கு கூட்டத்தின் மேல் சுற்றி வந்து சுபத்ராவின் முகத்தில் நின்றது. ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அரங்கம் தாளம் போட்டது. மேடைக்கு வாருங்கள், அந்த ஆட்டத்தை ஒருமுறை ஆடிக் காட்டுங்கள் என்றார் தொகுப்பாளர். சுபத்ரா அவரைப் பார்க்கவில்லை. விக் வைத்துக்கொண்டு நின்ற தென்னரசுவை மட்டும் பார்த்தார். ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாடுகிற மைக் அவர் முன்னால்தான் இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்ட ஆரம்பித்தார்.

சுபத்ரா எழுந்தார். ஆடத்தான் எழுகிறார் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அவர் வரிசையைக் கடந்து, படிகளில் ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். சக்கரவர்த்தி பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கதவு சாத்தியபோது உள்ளே அந்தக் கிடார் பாட்டு ஆரம்பித்தது. சுபத்ரா ஒரு கணம் நின்றார், திரும்பவில்லை. ஒரு கச்சேரியைப் பாதியில் விட்டு அவர் வெளியேறியது அதுவே முதல் தடவை.

பஸ் ஏறி ஆற்காடும் தாண்டியாயிற்று. பிறகு சக்கரவர்த்தி மெதுவாகக் கேட்டார்:

“அந்தப் பாட்ட விட்டுட்டு வந்துட்டியே, மனசு கேக்குதா?”

“பாட்டு ஒண்ணும் அவங்களுது இல்லியே. நான் வீட்ல போட்டுக் கேட்டுக்கறேன்.”

பொங்கலுக்கு ஊருக்கு வந்த தென்னரசு, ஒரு காலை நேரம் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். ஊசி அறை வரிசை முடியும் வரை ஓரமாக நின்றார். நானும் அங்கே இருந்தேன். அன்றைக்கு அத்தனை பேர் சத்தம் போட்டபோது என்ன செய்வது என்று தெரியவில்லை, கூட்டத்தோடு போய்விட்டேன் என்றார். மன்னிப்புக் கேட்டார். தன் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு யாருமே இல்லையா, இப்படிச் சிரிக்கிறீர்களே என்று கேட்டதாகவும் சொன்னார்.

சுபத்ரா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் தனியாகச் சொல்லி என்ன பயன், பொய்யை எங்கே எழுதினீர்களோ அங்கேயே உண்மையையும் எழுதுங்கள் என்றார். அடுத்த கச்சேரிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அவர் அழைத்ததற்கு, வரமாட்டேன் என்று மட்டும் பதில் சொன்னார்.

தென்னரசு எழுதினார். குறை சொல்ல முடியாது, நேராகவே எழுதினார். இவர் வழி தவறி வந்தவர் அல்ல, டிக்கெட் வாங்கி வந்த எங்கள் ரசிகை, இவரைக் கேலி செய்தது எங்கள் குற்றம் என்று. பழைய படத்தையும் எடுத்துவிட்டார்கள். பொய்யை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். இதைப் பார்த்தவர்கள் ஒரு கல்யாணப் பந்தியை நிரப்பக்கூடக் காணமாட்டார்கள். வார்டில் அந்தப் படத்தைக் கைக்குக் கை கொடுத்தவர்களில் ஒருவரும் இதைக் கொடுக்கவில்லை. நான் காட்டியபோதும், ஓ அப்படியா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுபத்ரா கச்சேரிக்குப் போவதை நிறுத்தவில்லை. கோபம் பாட்டின் மேல் இல்லையே. இந்தக் கோடையில் வேலூரில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் அதே பழைய பாட்டுகளை விக் இல்லாமல், அவரவர் முகத்தோடு வாசித்தார்கள். இரண்டு இடத்தில் தவறியது, மூன்றாவது பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள். சுபத்ரா அரக்குப் பட்டையே கட்டிக்கொண்டு போய், இந்தத் தடவை முதல் வரிசையில் நின்றார். சக்கரவர்த்தியும் போயிருந்தார், இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு.

படம் மட்டும் சாகவில்லை. ஒரு பக்கத்தில் எடுத்தால் இன்னொரு பக்கத்தில் முளைக்கிறது. இந்த வாரம் ஏதோ ஒரு சமையல் பக்கம் அதை எடுத்துப் போட்டிருந்தது. நான்தான் பார்த்துவிட்டுச் சொன்னேன். சாப்பாட்டு இடைவேளையில் சுபத்ரா என் கவுன்டருக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் புகார் பதிந்தார். இதோடு எத்தனையாவது புகார் என்று கேட்டேன். எண்ணுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.